தலைதட்டாத அரைப்படி

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இப்போது ஒரு எடை மெஷின் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை நிறம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அகலம். மகன் ஓசூரிலிருந்து ஆன்லைனில் போட்டு அனுப்பினான். கிரைண்டர், மிக்ஸி எல்லாம் இந்த வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அக்கம்பக்கத்தாருக்குச் சர்க்கரை கொடுத்தோம். இது வந்த அன்று யாரும் குங்குமத்தைத் தேடவில்லை. பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, மேலே ஒரு கிண்ணத்தை வைத்தேன். எண் வந்தது.

"இன்னா சொல்லுது அது?" என்று கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கிண்ணம் எவ்ளோ வெயிட்டுனு சொல்லுது."

"கிண்ணத்தையா நான் சாப்பிடப் போறேன்?"

அவருக்குச் சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிறது. அதனோடு ஒருமாதிரி சமாதானமாகப் போய்க்கொண்டிருந்தோம். இப்போது சிறுநீரகமும் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டைக் கட்டுக்குள் வைத்தால் டயாலிசிஸ் மெஷினில் படுக்கவைப்பதைத் தள்ளிப்போடலாம், எவ்வளவு காலம் தள்ளலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறது என்றார் டாக்டர். பேச்சை ஆரம்பிக்கும்போது அவரைப் பார்த்தார். முடிக்கும்போது என்னைப் பார்த்தார். வீட்டில் யார் கரண்டி பிடிக்கிறார்கள் என்பது எங்கள் ஊர் டாக்டர்களுக்குத் தெரியும்.

பக்கத்து அறையில், என்ன சாப்பிடலாம் என்று சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். சிரித்த முகம். "அம்மா, மதியத்துக்கு அரிசி அறுபது கிராம். வேகறதுக்கு முன்னாடி எடை போடணும். பருப்பு இருபது கிராம்" என்றாள். எனக்கு அந்தக் கணத்தில் கிராம் கண்ணுக்குள் வரவில்லை. "ஆழாக்குல சொல்லும்மா" என்றேன், படியில் எட்டில் ஒரு பங்கு. "ஆழாக்குனா டம்ளரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பிறகு போனில் தேடிப் பார்த்துவிட்டு, "கப்புல சொல்லட்டுமா?" என்றாள். எந்தக் கப்பு? எங்கள் வீட்டில் ஒரு கப்பைப் போல இன்னொரு கப்பு கிடையாது. ஒன்று ஊதுவத்திக்கு இனாமாக வந்தது, ஒன்று மகன் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கியது, ஒன்றுக்குப் பிடி போய்விட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கிராமிலேயே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இதில் எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு உண்டு, சிரிக்கத்தான் தெம்பு இல்லை. படியைக் கிலோவாக மாற்றிச் சொல்வதற்காகவே ஒரு காலத்தில் சம்பளம் வாங்கியவள் நான்.

காலையில் அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், கொஞ்சம் தவிடு, கொஞ்சம் சாக்கு, அது என்னை நேராகக் கரீம் பாய் கடையில் கொண்டுபோய் இறக்கிவிடும். தேரடியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்த மளிகைக்கடை இருந்தது. பாயின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்தது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அங்கே பில் போடும் வேலை கிடைத்தது. மிளகாய் மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதுதான் என் ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்கத் தும்மினேன். "தும்மி முடிச்சிட்டு வந்து பில்லு போடும்மா, வரி மேல வரி ஏறுது" என்பார் பாய்.

கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜனங்கள். மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம், மண்டியில் போட்டுவிட்டு, கையில் காசு இருக்கும்போதே பஸ் ஏறி வந்து சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள். அரசாங்கம் கிலோ என்று சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது. கடையில் படியை வைத்து விற்றால் முத்திரை ஆபீசர் வந்து பிடுங்கிக்கொண்டு போவார். ஆனால் ஜனங்களின் வாயில் படிதான் இருந்தது. "ரெண்டு படி துவரம்பருப்பு, ஒரு படி உளுந்து, ஒரு ஆழாக்கு கடுகு" என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். நான் அதைக் கிலோவாக்கிப் பாயிடம் சொல்ல வேண்டும். பாய் தராசில் நிறுத்துக் கட்டுவார்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. படிக்கு ஒன்றரை கிலோ, பெருக்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அரிசிக்கு அது கிட்டத்தட்டச் சரி, இரண்டு கை குறையும், அவ்வளவுதான். ரவை அதே படியில் அளந்தால் இளைத்துப்போகும். கடலை மாவு அதைவிட மோசம், சலித்துவிட்டு அளந்தால் ஒரு எடை, அழுத்தி அளந்தால் வேறொரு எடை. உப்பில்கூட கல்லுப்பு ஒரு படிக்கும் தூள் உப்பு ஒரு படிக்கும் ஒத்துப்போகாது. கல்லுக்குக் கல் நடுவில் சந்து இருக்கிறதே. பொரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு படி பொரியைத் தராசில் கொட்டினால், கொட்டியது அந்தத் தட்டுக்கே தெரியாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சுபாவம், அதைத் தெரிந்துகொள்கிற வரைக்கும் என் காதில் ஜனங்களின் திட்டு விழுந்துகொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் மேலே தலை என்று ஒன்று உண்டு. அரிசி, பருப்பு மாதிரி தானியங்களைப் படியில் போட்டால் விளிம்போடு நிறுத்த மாட்டார்கள். அதற்கு மேலே கோபுரமாகக் குவிந்து, இனி ஒரு மணி போட்டாலும் சரியும் என்கிற வரைக்கும் போடுவார்கள். அந்தக் குவியலைத்தான் தலை என்பது. மாவு மட்டும் கையால் வழித்து, தலைதட்டி அளப்பது. தானியத்தைத் தலைதட்டி அளந்தால் அன்றோடு அந்தக் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். கிலோ வந்தபோது ஜனங்களுக்கு இதுதான் பெரிய சந்தேகம், அந்தக் கோபுரம் எங்கே போயிற்று என்று. அதனால் எல்லோரும் தராசுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

"தட்டு நேரா நிக்குது பாய். தாழட்டும்" என்பாள் ஒரு அம்மாள்.

"நேரா நின்னாதாம்மா ஒரு கிலோ."

"எங்க ஊர்ல நேரா நின்னா அது கம்மி."

பாய் உருதுவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கை அள்ளிப் போடுவார். தட்டு வாங்குகிறவர் பக்கம் தாழும். அந்த அம்மாள் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வரும். "இப்படியே ஜாஸ்தி ஜாஸ்தியா போட்டா கடைய உன் பேருக்கு எழுதிட்டு நான் மலை சுத்தப் போயிட வேண்டியதுதான்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார், ஏதோ நான் போடச் சொன்ன மாதிரி. அவர் தராசில் தட்டு நேராக நின்று நான் பார்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரரை நான் முதலில் பார்த்தது அந்தத் தராசுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான். அவர் அப்போது கீழ்பென்னாத்தூர் வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் புறப்படும்போது அவர் குரல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கேட்கும். "உள்ள போ, உள்ள போ, இன்னும் ஒருத்தர் நிக்கலாம்." எத்தனை பேர் ஏறினாலும் அவர் கணக்கில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும். கால் வைக்க இடமில்லாமல் ஜன்னலோரமாகத் தொங்குகிறவர்கள்கூட அந்தக் குரலை நம்பி இன்னும் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார்கள்.

அவரும் பஸ் சிநேகிதர்கள் சிலரும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைப் பக்கம் அடுப்பு மூட்டி, மலை சுற்ற வருகிறவர்களுக்கு உப்புமா கிண்டிக் கொடுப்பார்கள். அதற்குப் பத்து படி ரவை. அதுவரை எங்கேயோ படியிலேயே அளந்து வாங்கிக்கொண்டிருந்தவர், அந்த முறை எங்கள் கடைக்கு வந்தார். வரும்போதே கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பதினஞ்சு கிலோ ரவ குடுங்க பாய். பத்து படி."

நான் தலையைத் தூக்கி, "ரவைக்கு அவ்ளோ வராதுங்க" என்றேன்.

"தினம் டிக்கெட்டு கிழிக்கிறவன்மா நானு. எனக்குக் கணக்கு தெரியும்" என்றார்.

வாங்குகிறவர் கேட்பதைக் கொடுப்பதுதானே வியாபாரம். பாய் பதினைந்து கிலோவை நிறுத்தார், வழக்கம்போலத் தட்டைத் தாழவிட்டு. இவர்கள் பத்து படிக்கு உண்டான தண்ணீரைக் கொதிக்கவைத்து மூட்டையோடு கவிழ்த்திருக்கிறார்கள். மறுநாள் கடை திறந்ததும் மனிதர் வந்து நின்றார். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்து மேஜைமேல் வைத்தார். வைத்தபோது சத்தம் கேட்டது.

"இன்னா பாய் ரவ இது? கரண்டி உள்ள போவல. கடப்பாற கேட்டாங்க பசங்க. மலை சுத்த வந்தவங்க இதக் கையில வாங்கிட்டு, இத இங்கயே வெச்சிட்டு போலாமா, இல்ல மலைய சுத்தி எடுத்துட்டு வரணுமானு கேக்கறாங்க."

பாய் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். "உப்பு சரியாத்தான் இருக்குது" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்தன. கண்டக்டர் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அடுத்த பௌர்ணமிக்கு வந்தபோது, "பத்து படிக்கு எவ்ளோவோ அவ்ளோ, நீங்களே சொல்லுங்க" என்றார். அதற்கப்புறம் பௌர்ணமி அல்லாத நாட்களிலும் ஒரு ஆழாக்கு கடுகு, ஒரு ஆழாக்கு சீரகம் என்று வந்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் அவ்வளவு தாளிக்க ஆளில்லை என்பது பாய்க்குத் தெரியும். பாயே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார்.

கல்யாணத்துக்குப் பாய் கொடுத்தது ஒரு அரைப்படி. இரும்பு, வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை, இடுப்பில் பழைய முத்திரை. "கடையில இருந்தா இது எனக்குத் தொல்ல. உன் வீட்டுல இருந்தா எந்த ஆபீசரும் கேக்க மாட்டான்" என்று சொல்லிக் கொடுத்தார். பரிசு கொடுப்பதில்கூட அவருக்கு ஒரு சால்ஜாப்பு வேண்டும்.

அந்த அரைப்படியில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. கிலோவைப் பற்றிப் பகலெல்லாம் பேசியவள், வீட்டுக்குள் வந்ததும் கிலோவை மறந்துவிட்டேன். மதியத்துக்கு ஒரு அரைப்படி, தலைதட்டாமல். விளிம்புவரை இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்கு. மேலே குவிந்திருக்கும் தலை, வருகிறவர்களுக்கு. யார் வருவார்கள் என்று தெரியாது. ஆனால் வருவார்கள். கண்டக்டரைக் கட்டிக்கொண்டவள் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? டிரைவரைக் கூட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை வழி தெரியாமல் நின்ற ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வந்து உட்காரவைத்து, "சாப்ட்டுட்டு ஆசிரமத்துக்குப் போவாரு" என்றார். அந்த மனிதருக்கு ரசம் மூக்கில் ஏறி, கண்ணெல்லாம் சிவந்து, ஆனாலும் இலையில் ஒரு பருக்கை வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

யாரும் வராத நாட்களில் அந்தத் தலையும் இவர் வயிற்றுக்குள்தான் போகும். எல்லாம் சாப்பிட்டு முடித்து, மோர் சாதமும் ஆன பிறகு, தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவார். "இன்னும் ஒரு கை போடு." முதல் நாளிலிருந்து அதே வார்த்தை, பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற அதே குரல். சாப்பாடு முடிகிற நேரத்தில் நான் கரண்டியைக் கீழே வைக்கவே மாட்டேன். கேட்பார் என்று தெரியும். சில நாள் எனக்குப் பசியாக இருக்கும், எரிச்சலாக வரும். ஆனால் ஒரு நாள்கூடக் கேட்காமல் எழுந்ததில்லை.

இப்போது அதே மனிதருக்கு நான் அறுபது கிராம் நிறுக்கிறேன்.

கிண்ணத்தை வைப்பேன், பொத்தானை அழுத்துவேன், எண் பூஜ்யமாகும். அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். ஐம்பது, ஐம்பத்தைந்து. பிறகு விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிப் போடுவேன். அறுபதைத் தாண்டிவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும். தட்டு தாழ்கிற பேச்சே இல்லை, தாழ்வதற்கு இதில் இன்னொரு தட்டு கிடையாது. பருப்புக்கு மறுபடி முதலிலிருந்து. உப்புக்கு மறுபடி. பிறகு எனக்கென்று தனியாக ஒரு உலை. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அலுத்துவிட்டது. முட்டி வலிக்கிறது, கண்ணாடி போட்டால்தான் எண் தெரிகிறது, ரெண்டு பேருக்குச் சமைக்க ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிற நேரம் ஆகிறது. மகன் போனில், "அம்மா, கரெக்டா கிராம் பாத்து போடு" என்பான். "வந்து போட்டுட்டுப் போடா" என்று நாக்கு நுனிவரைக்கும் வரும்.

இவர் சும்மா இருந்தாரா? முதல் வாரமே சண்டை. "குருவிக்கு வெச்சத எனக்கு மாத்தி வெச்சிட்டியா?" என்றார். அடுத்த நாள், "பஸ்ஸுல கூட நின்னுட்டு வர்றதுக்கு இடம் குடுப்பேன், நீ அதுகூடக் குடுக்கல" என்றார். சாப்பிட்டு முடித்ததும் தட்டு முன்னால் நகரும். "இன்னும் ஒரு கை." நான் முடியாது என்பேன். "ஒரு கையில இன்னா ஆயிடப் போவுது?" நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். எனக்குள் ஒரு குரல் போட்டுவிடு, போட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நான் இவருக்குப் பெண்டாட்டியா, ரேஷன் கடைக்காரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் சில நாள் கேட்காமல் எழுந்தார். பழகிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் உலையில் சாதம் பார்வைக்கே கூடுதலாக இருந்தது. கால் வீக்கம் வேறு குறையவில்லை, விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. "நானே அரிசி நிறுக்கறேன், உனக்கு முட்டி வலி" என்று அவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டதும் அந்த நாட்களில்தான். ஒரு நாள் வாசற்படியில் காய்கறிக்காரரிடம் பேசிவிட்டுத் திரும்பியவள், கதவோரம் நின்று பார்த்தேன். கிண்ணத்தில் ஒரு கை அரிசியைப் போட்டார். பொத்தானை அழுத்தினார். எண் பூஜ்யமாயிற்று. அதற்கு மேல் நிதானமாக அறுபது கிராம் நிறுத்தார்.

மெஷினில் அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பொத்தானை மட்டும் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கை அப்படியே நின்றது. "தலைம்மா" என்றார். "தலைதட்டாம அளந்தேன்."

சிரித்திருக்க வேண்டிய இடம். உப்புமாவுக்குச் சிரித்தவள்தானே நான். எனக்கு அழுகைதான் வந்தது. கிண்ணத்தைப் பிடுங்கி டப்பாவிலேயே கொட்டினேன். "உங்க காலப் பாருங்க. அங்க போய் அந்த மெஷின்ல உங்கள ஊசி குத்திப் படுக்க வெப்பாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கணும். என்னால ஆவாதுங்க. நான் ரொம்பக் களைச்சிட்டேன்" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் கூடத்துக்குப் போய் டி.வி.யைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்கடுத்து வந்த பௌர்ணமி. எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பௌர்ணமியன்று மத்தியானத்துக்கு முன்பே சந்து முனையில் ஜனம் நடக்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் தங்கும் விடுதிகள், காபி கடைகள், ஓட்ஸையும் பாதாம் மாவையும் கிராம் கணக்கில் பாக்கெட் போட்டு விற்கிற கடை. இவருடைய உப்புமா கோஷ்டி எப்போதோ கலைந்துவிட்டது. இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் மகள் வீட்டோடு பெங்களூரில். அன்று காலையில் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவராக வந்து பேசியது அப்போதுதான்.

"அந்த அரைப்படிய எடு. கொஞ்சமா வெண்பொங்கல் வெச்சி, முனையில நடந்து போறவங்களுக்குத் தொன்னையில குடுக்கலாம். நான் சாப்பிட மாட்டேன். குடுக்க மட்டும்தான்."

பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். பித்தளைப் பட்டை கறுத்திருந்தது. முறத்தில் அதை வைத்து அவர்தான் அரிசி போட்டார். விளிம்பைத் தாண்டி மெதுவாகக் குவித்து, உச்சியில் நாலு அரிசி வைத்து நிறுத்தினார். பழைய கோபுரம் அப்படியே வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், எந்த யோசனையும் இல்லாமல் உள்ளங்கையை நீட்டி விளிம்போடு வழித்துவிட்டேன். தலை சரிந்து முறத்தில் கொட்டியது. இந்த மெஷினோடு பழகிய கை, வேறு என்ன செய்யும்?

"தட்டிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முறத்தில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத வழிச்சி மெஷின்ல வை, எவ்ளோனு பாப்போம்" என்றார். கிண்ணத்தை வைத்தேன், பூஜ்யமாக்கினேன், முறத்திலிருந்ததை அள்ளிப் போட்டேன். எண் ஓடி, தயங்கி, நின்றது. அறுபத்திரண்டு.

அத்தனை வருஷமும் யாரென்று தெரியாதவர்களுக்காகப் போட்ட தலை இவ்வளவுதான். இப்போது இவருடைய முழுச் சாப்பாடும் இவ்வளவுதான்.

"வர்றவங்களுக்குனு வெப்பியே" என்றார்.

"ஆமாங்க."

"ரெண்டு கிராம் ஜாஸ்தி இருக்குது" என்றார். குனிந்து, ஆட்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் அரிசியைக் கிள்ளி எடுத்து, அரைப்படியில் போட்டார். எண் அறுபத்தொன்றாயிற்று. இன்னும் கொஞ்சம் கிள்ளினார். அறுபது. "இப்ப சரியா இருக்குது பாரு. இத எனக்கு வேகவை" என்றார்.

பொங்கல் வைத்தேன். பாசிப்பருப்பை நிறுக்கவில்லை, கையளவில் போட்டேன், மிளகையும் அப்படியே. சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரே தொன்னையை நீட்டினார். வாங்கியவர்கள் பொங்கல் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். சீக்கிரமே பாத்திரம் காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, அவருக்கென்று வேகவைத்திருந்த சாதத்தைத் தட்டில் போட்டேன். பருப்பு, கொஞ்சம் சுரைக்காய். மெதுவாகச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கரீம் பாய் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். தட்டுத் தராசு ஊரில் எங்கேயும் கண்ணில் படுவதில்லை. பாக்கெட்டில் ஐநூறு கிராம் என்று அச்சடித்திருந்தால் அது ஐநூறுதான், யாரும் தாழட்டும் என்று கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பஸ் எந்த யார்டில் துருப்பிடிக்கிறதோ தெரியாது. அதெல்லாம் போனபோது ஐயோ என்று இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அன்று சாப்பிட்டு முடித்ததும் இவர் தட்டிலேயே கை கழுவிவிட்டார். தட்டை முன்னால் நகர்த்தவில்லை. அன்றைக்கு மட்டும் அப்படி என்று நினைத்தேன். மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். கால் வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, "நல்லா கன்ட்ரோல்ல வெச்சிருக்கீங்கம்மா" என்று என்னைத்தான் பாராட்டினார். இவர் அந்த ஒரு கை கேட்பதை நிறுத்த வேண்டும் என்றுதான் இத்தனை நாள் மல்லுக்கட்டினேன். நிறுத்திவிட்டார். இப்போதும் மதியம் அவர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். அவர் பானையில் ஒன்றும் இல்லை.